கழித்த பின் எஞ்சும் ஒளி

துருவக் காற்றில் ஒளிச்சிதறலை அளப்பது பற்றிய பொதுச் சொற்பொழிவு



பூமியில் மிகத் தூய்மையான காற்று கிடைக்கும் இடங்களில் தென்துருவமும் ஒன்று. கடல்மட்டத்துக்கு மேல் 2835 மீட்டர் உயரம். அதில் பெரும்பகுதி பனிக்கட்டி. மண் இல்லை, செடிகொடி இல்லை. ஏறத்தாழ 1300 கி.மீ. பயணம் செய்தால்தான் கடலைப் பார்க்கலாம். அங்கே வீசுகிற காற்றை ஒரு குழாய்க்குள் இழுத்து, அதில் மிதக்கிற துகள்கள் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கின்றன என்று 1970களின் இறுதியிலிருந்து அளந்துகொண்டு வருகிறார்கள். மனிதர் யாரும் வெளியே நடமாட விரும்பாத ஆறு மாத இருட்டிலும் இந்த வேலை நடக்கிறது.

தூசியே இல்லாத ஊரில் தூசியை ஏன் அளக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். விடைக்குப் போகும் வழி கொஞ்சம் நீளம். அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது புரியாமல், அந்த அளவு ஏன் முக்கியம் என்பது புரியாது.

ஓட்டு வீட்டில் கூரைக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். காலையில் அதன் வழியே வெயில் சாய்வாக இறங்கும்போது, அந்த ஒளிக்கற்றைக்குள் தூசி மிதப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கற்றை போவது தரையை நோக்கி. நாம் நிற்பதோ பக்கவாட்டில். ஆனாலும் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. காரணம், தூசி ஒளியில் ஒரு சிறு பங்கை எல்லாத் திசைகளிலும் திருப்பிவிடுகிறது. இதுதான் ஒளிச்சிதறல். தூசியே இல்லாவிட்டாலும் சிதறல் நிற்பதில்லை. காற்றின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கும், நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும். வானம் நீலமாக இருப்பதன் காரணத்தை இந்த வழியில் 1871இல் கணக்கிட்டுக் காட்டியவர் ராலே. துகள் பெரிதாகி, அதன் குறுக்களவு ஒளியின் அலைநீளத்தை நெருங்கும்போது கணக்கு சிக்கலாகிறது. அதைத் தீர்த்தவர் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ. 1908இல் அவர் எழுதிய கட்டுரை, திரவத்தில் மிதக்கும் தங்கத் துகள்களின் நிறத்தை விளக்குவதற்காக எழுதப்பட்டது. இன்று வளிமண்டலத் துகள்களைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்தக் கட்டுரையின் சமன்பாடுகள் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது.

இப்போது சில எண்களைச் சொல்கிறேன். பொறுத்துக் கேளுங்கள், இவற்றில்தான் விஷயமே இருக்கிறது. சிதறலின் அளவை "ஒரு மெகாமீட்டருக்கு இவ்வளவு" என்று சொல்வார்கள். மெகாமீட்டர் என்றால் 10 லட்சம் மீட்டர், அதாவது 1000 கி.மீ. கடல்மட்டத்தில் துகளே இல்லாத காற்று, பச்சை ஒளிக்கு, ஏறத்தாழ 12 அலகு சிதறடிக்கும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒளியில் நூற்றுக்கு 1.2 பங்கு விலகிப்போகிறது என்று அதற்குப் பொருள். இதைத் தொலைவாக மாற்ற கோஷ்மீடர் என்பவர் 1924இல் தந்த வாய்பாடு இருக்கிறது. அதன்படி, தூய காற்றில் நம் பார்வை 300 கி.மீ. வரை எட்டும். பூமியின் வளைவு மறைப்பதால் அவ்வளவு தொலைவு பார்க்க வாய்ப்பில்லை என்பது வேறு விஷயம். பெருநகரக் காற்றில் துகள்கள் மட்டுமே நூற்றுக்கணக்கான அலகு சிதறடிக்கும். தென்துருவத்தில்? ஓர் அலகுகூட இல்லை. அரைகூட இல்லை. பெரும்பாலான நாட்களில் 0.1க்கும் 0.4க்கும் இடையே.

0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் குழாய்க்குள் அந்தக் காற்றை நிரப்பி ஒளியைச் செலுத்தினால், ஒளியை ஒரு கோடி பங்காகப் பிரித்து, அதில் மூன்று பங்கைத்தான் துகள்கள் விலக்கும். அந்த மூன்று பங்கைத்தான் அளக்க வேண்டும்.

உள்ளே போன ஒளி எவ்வளவு, வெளியே வந்த ஒளி எவ்வளவு என்று பார்த்து வித்தியாசம் எடுக்கலாமே என்று தோன்றும். ஒரு கோடியில் மூன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் விளக்கின் வெளிச்சம் அதைவிடவும் நிலையாக இருக்க வேண்டும். சாதாரண விளக்கு எதுவும் அப்படி இருக்காது. ஆகவே வழியை மாற்றினார்கள். நேரே போகும் ஒளியை விட்டுவிட்டு, பக்கவாட்டில் சிதறிய ஒளியை மட்டும் பொறுக்கி எடுப்பது. இதற்கான கருவிதான் நெஃபலோமீட்டர்.

இந்தக் கருவியைப் பியூட்டெல், புரூவர் என்ற இருவர் இங்கிலாந்தில் உருவாக்கி 1949இல் வெளியிட்டார்கள். போர்க்காலத்தில் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் கண்ணுக்கெட்டும் தொலைவைச் சொல்லவேண்டிய தேவையிலிருந்து பிறந்த யோசனை அது. இருவரில் ஆலன் புரூவர் தனியாகவே ஒரு சொற்பொழிவுக்குரியவர். அதே 1949இல், அடுக்குமண்டலக் காற்று வெப்பமண்டலத்தில் மேலேறித் துருவங்களை நோக்கி நகர்ந்து இறங்குகிறது என்பதை நீராவியின் அளவிலிருந்து ஊகித்துச் சொன்னவரும் அவர்தான். ஓசோனை அளக்கும் ஒரு கருவி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

கருவியின் அமைப்பு எளிமையானது, அதனாலேயே அழகானது. உட்புறம் முழுக்கக் கறுப்பு பூசிய ஒரு குழாய். அதன் பக்கச் சுவரில் ஒரு விளக்கு, விளக்கின் முன் பால்வெள்ளைக் கண்ணாடி. குழாயின் ஒரு முனையில், மிக நுண்ணிய ஒளியையும் மின்சாரமாக்கிப் பெருக்கும் ஒளிப்பெருக்கிக் குழல். அது விளக்கைப் பார்க்காது. குழாயின் மறுமுனையில் இருக்கும் இருண்ட பொறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இடையில் இருக்கும் காற்று எதையும் சிதறடிக்காவிட்டால் அதற்குத் தெரிவது இருட்டு மட்டுமே. துகள் ஒன்று விளக்கொளியை இந்தப் பக்கம் திருப்பினால் அது தெரியும். பால்வெள்ளைக் கண்ணாடி ஒளியை எல்லாப் பக்கமும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் பரப்புவதால், முன்னோக்கிய சிதறலும் பின்னோக்கிய சிதறலும் தமக்குரிய பங்கோடு தாமாகவே கூடிவிடுகின்றன. கோணம் கோணமாக அளந்து பின்பு கூட்டிப்பார்க்கும் வேலையைக் குழாயின் வடிவமே செய்துவிடுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சார்ல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களில் இதைக் காற்று மாசு ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று நிறங்களில் ஒரே நேரத்தில் அளக்கும் கருவிகள் வந்தன. நீலத்தில் அதிகமாகவும் சிவப்பில் மிகக் குறைவாகவும் சிதறினால் துகள்கள் சிறியவை, புகையாகவோ சல்பேட்டாகவோ இருக்கலாம். மூன்று நிறத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு என்றால் பெரிய துகள்கள், கடலுப்போ மண்ணோ.

இனிமேல்தான் உண்மையான பாடு தொடங்குகிறது. இந்த அளவீட்டை நான் கழித்தல் வேலை என்றுதான் பார்க்கிறேன். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் எஞ்சுவது துகளின் ஒளி. கழித்தலில் எங்கே பிழைத்தாலும் எஞ்சுவது பொய்.

முதலில் கழிக்க வேண்டியது காற்றின் சொந்த ஒளியை. தென்துருவத்தின் மெல்லிய காற்றிலும் மூலக்கூறுகளின் சிதறல் துகள்களின் சிதறலைப் போல இருபது மடங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. ஆகவே அவ்வப்போது உள்ளே வரும் காற்றை நுண்வடிகட்டி வழியாகத் திருப்பிவிட்டு, துகளே இல்லாத காற்று எவ்வளவு ஒளி தருகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். பல நிலையங்களில் இது மணிக்கொரு முறை தானாகவே நடக்கும். குழாயின் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் இதே படியில் கழிந்துவிடும்.

இங்கே கழிக்கப்படும் இந்த மூலக்கூறு ஒளி நமக்கு அந்நியமானதல்ல. 1921இல் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வந்த சி. வி. ராமன் கொல்கத்தாவில் தம் மாணவர்களோடு இறங்கிப் படித்தது இதைத்தான். 1922இல் அவர் எழுதி கொல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலே மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதைப் பற்றியதுதான். கே. ஆர். ராமநாதன், கே. எஸ். கிருஷ்ணன் இருவரும் அந்த ஆய்வில் வளர்ந்தவர்கள். ஒரு வாயு எவ்வளவு சிதறடிக்கும் என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தால்தான், அந்த வாயுவை வைத்து ஒரு கருவியைச் சரிபார்க்க முடியும்.

அப்படித்தான் சரிபார்க்கிறார்கள். ஒரு பக்கம் தூய காற்று. மறுபக்கம், காற்றைவிட அதிகமாகச் சிதறடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு வாயு. இரண்டுக்கும் கருவி காட்டும் வேறுபாட்டிலிருந்து அளவுகோல் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இதற்கு ஃப்ரியான்-12 பயன்பட்டது. காற்றைப் போல ஏறத்தாழ 15 மடங்கு சிதறடிப்பதால் கருவியில் நன்றாகவே தெரியும். ஆனால் அண்டார்டிகாவின் மேல் ஓசோனை அழித்த வாயுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அங்குள்ள ஹாலி நிலையத்து அளவீடுகளிலிருந்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் 1985இல் ஓசோன் இழப்பை அறிவித்தார்கள். அத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987இல் வந்தது. இன்று அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அது காற்றைப் போல 2.6 மடங்குதான் சிதறடிக்கும். வேறுபாடு குறைந்ததால், அதே உறுதியைப் பெற இன்னும் நீண்ட நேரம் வாயுவை ஓடவிட்டு, இன்னும் கவனமாகச் சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்துக் கழிக்க வேண்டியது நம்மை. அளக்கப் போகிறவர்களுக்கு வெப்பம் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆகவே டீசல் எரிகிறது, வண்டிகள் ஓடுகின்றன, விமானம் இறங்குகிறது. நிலையத்தின் ஒரு சமையலறைப் புகை போதும், அந்த 0.3 என்ற எண்ணைக் கேலிக்கூத்தாக்க. இயற்கை ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. தென்துருவத்தில் காற்று ஆண்டின் பெரும்பகுதி ஒரே பக்கத்திலிருந்து வீசுகிறது. அந்தப் பக்கம் முழுவதையும் தூய காற்றுப் பகுதி என்று ஒதுக்கி, அங்கே வாகனம் போகவும் மேலே விமானம் பறக்கவும் தடை வைத்திருக்கிறார்கள். அளவீட்டுக் கட்டிடம் அந்தப் பகுதியின் விளிம்பில் நிற்கிறது. அலாஸ்காவின் வடமுனையில், இன்று உட்கியாக்விக் என்று அழைக்கப்படும் பாரோவிலும் இதே ஏற்பாடு. 1973இல் அமைந்த அந்த ஆய்வகம் ஊரிலிருந்து விலகி வடகிழக்கே இருக்கிறது. உறைந்த கடலின் பக்கமிருந்து வரும் காற்றை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால், அந்த நேரத்து எண்களுக்கு ஓர் அடையாளமிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். எண்களை ஒதுக்குவது எளிதான காரியமல்ல. அரும்பாடுபட்டுச் சேர்த்ததில் ஒரு பகுதியைத் தூக்கி வைக்க மனம் இடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது கழித்தலைக் கருவி நம்மைக் கேட்காமலேயே செய்துவிடுகிறது. அது நீரைக் கழித்துவிடுகிறது. வெளியே மைனஸ் 30 பாகை. அந்தக் காற்று ஈரத்தால் நிறைந்திருந்தாலும் அதிலுள்ள நீராவி மிகக் குறைவு. அதைக் கட்டிடத்துக்குள் இழுத்து 20 பாகை வெப்பத்துக்குக் கொண்டுவந்தவுடன் ஈரப்பதம் இரண்டு சதவீதத்துக்கு வந்துவிடும். சல்பேட்டும் கடலுப்பும் நீரை உறிஞ்சிப் பருக்கும் தன்மையுடையவை. வெளியே நீரோடு பருத்து மிதந்த துகள், குழாய்க்குள் வந்ததும் உலர்ந்து சுருங்கிவிடும். சுருங்கிய துகள் குறைவாகவே சிதறடிக்கும். கருவி சொல்லும் எண் சரிதான், ஆனால் அது வெளியே இருக்கும் காற்றைப் பற்றிய எண் அல்ல.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஸ்வால்பார்டில் அளந்தார்கள். நார்வேக்கு வடக்கே 79ஆம் அட்சரேகையில் நி-ஓலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பு. அதன் மேலே ஸெப்பலின் மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 475 மீட்டர் உயரத்தில், ஓர் ஆய்வகம் இருக்கிறது. 2008இல் அங்கே இரண்டு நெஃபலோமீட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் உலர்ந்த காற்று, மற்றொன்றில் வேண்டுமென்றே ஈரமூட்டிய காற்று. ஈரப்பதம் 85 சதவீதத்தை எட்டியபோது சிதறல் சராசரியாக மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. உலர் எண்ணை மட்டும் நம்பிப் பருவநிலைக் கணக்குப் போட்டிருந்தால், அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஒளியைத் தொலைத்திருப்போம். உலகமெங்கும் நிலையங்கள் உலர்ந்த நிலையில் அளப்பது ஒரு நல்ல காரணத்துக்காக: ஓர் ஊரின் எண்ணை இன்னோர் ஊரின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஆனால் ஒப்பீட்டுக்குக் கழித்த நீரை, சூரிய ஒளியின் கணக்குப் போடும்போது திரும்பச் சேர்த்தாக வேண்டும்.

இன்னொரு திருத்தமும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். கருவியின் அமைப்பில், நேர் முன்னாலும் நேர் பின்னாலும் சில பாகைகள் மறைந்துபோகும். சிறு துகளுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. கடலுப்பு போன்ற பெரிய துகள் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும் என்பதால் அங்கே நட்டம் அதிகம். மூன்று நிறங்களின் விகிதத்தை வைத்து இந்த நட்டத்தை ஈடுகட்டும் முறையை ஆண்டர்சன், ஓக்ரன் இருவரும் 1998இல் தந்தார்கள்.

இவ்வளவு கழித்தலுக்குப் பிறகு எஞ்சிய எண் என்ன சொன்னது? வடதுருவத்தின் கதைக்கு வருகிறேன்.

1950களில் அலாஸ்காவிலிருந்து வடக்கே பறந்த அமெரிக்க வானிலை விமானங்களின் விமானிகள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் அடிவானம் மங்கலாகத் தெரிகிறது, தொலைவு தெரியவில்லை. மேகமும் இல்லை, பனித்தூவலும் இல்லை. ஜே. மர்ரே மிட்செல் என்ற வானிலையாளர் இதைப் பதிவுசெய்து ஆர்க்டிக் மூட்டம் என்று பெயரிட்டார். மனிதர் அதிகம் இல்லாத உறைந்த கடலின் மேல் புகைமூட்டம் எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வி பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

1972இல் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் கிளென் ஷா பாரோவில் சூரிய ஒளியின் வலுவை அளந்தபோது, காற்று எதிர்பார்த்ததைவிடக் கலங்கியிருந்தது. அவரும் ரோட் ஐலண்டின் கென்னத் ரானும் சேர்ந்து விமானத்தில் ஏறி மூட்டத்தின் மாதிரியைப் பிடித்து ஆராய்ந்தார்கள். கிடைத்தது மண்தூசி. ஆசியப் பாலைவனங்களிலிருந்து வந்தது என்று 1977இல் எழுதினார்கள். அந்த ஒரு நிகழ்வுக்கு அது உண்மைதான். ஆனால் குளிர்காலம் முழுவதும் பிடித்த மாதிரிகளைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. மண்ணில் இருக்க வேண்டியதைவிட வனேடியம் அதிகம். வனேடியம் கனமான எரியெண்ணெய் எரியும் இடத்திலிருந்து வருவது. மாங்கனீசுக்கும் அதற்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், அமெரிக்கப் புகையைவிட ஐரோப்பாவின், சோவியத் நாட்டின் புகையோடு அது ஒத்துப்போனது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலைகளின் புகை உறைந்த கடலைக் கடந்து வருகிறது என்பதை அன்று பலர் எளிதில் ஏற்கவில்லை.

ஏன் வருகிறது என்பதை இன்று நன்றாகவே விளக்க முடியும். குளிர்காலத்தில் துருவக் குளிர்காற்றின் எல்லை தெற்கே விரிந்து, யூரேசியாவின் தொழில் நகரங்கள் சிலவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. நிக்கலை உருக்கும் நொரில்ஸ்க் போன்ற ஊர்கள் அந்த எல்லைக்கு உள்ளேயே இருக்கின்றன. மேலே வெப்பமாகவும் கீழே குளிர்ச்சியாகவும் அடுக்கு அடுக்காக நிற்கும் காற்று கலப்பதில்லை. மழை இல்லை, பனிப்பொழிவும் சொற்பம். ஆகவே வழக்கமாகச் சில நாட்களில் கழுவப்படும் துகள்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குகின்றன. அவை மெல்ல வளர்ந்து ஏறத்தாழ 0.1 முதல் 0.5 மைக்ரோமீட்டர் வரையான அளவை அடைகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிகத் திறமையாகச் சிதறடிப்பதும் இந்த அளவிலுள்ள துகள்கள்தான். மார்ச், ஏப்ரலில் சூரியன் திரும்பும்போது மூட்டம் உச்சத்தில் இருக்கும். கோடையில் எல்லை வடக்கே சுருங்கி, தூறலும் தொடங்கியதும் கலைந்துவிடும்.

பாரோவில் நெஃபலோமீட்டர் 1976இலிருந்து ஓடுகிறது. வசந்தத்தில் பத்தைத் தாண்டும் எண், கோடையில் சில அலகுகளுக்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. பேரி போடெய்ன், எல்ஸ்வொர்த் டட்டன் இருவரும் 1993இல் அந்தத் தொடரை எடுத்துப் பார்த்தபோது, 1980களின் தொடக்கத்திலிருந்து வசந்தகால மூட்டம் குறைந்துவந்திருப்பதைக் கண்டார்கள். ஐரோப்பிய நாடுகள் கந்தகப் புகையை 30 சதவீதம் குறைப்பதாக 1985இல் ஹெல்சிங்கியில் கையெழுத்திட்டிருந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து ஆலைகள் பல மூடப்பட்டன. கனடாவின் வடகோடியிலுள்ள அலர்ட் நிலையத்திலும் காற்றிலுள்ள சல்பேட் இறங்கியது. ஒரு கண்டத்தில் போடப்பட்ட கையெழுத்தும், ஒரு நாட்டின் சரிவும், உறைந்த கடலோரத்தில் ஒரு கறுப்புக் குழாய்க்குள் தெரிந்தன. தூசியே இல்லாத இடத்தில் ஏன் அளக்க வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா? பின்னணி அமைதியாக இருக்கும் இடத்தில்தான் இவ்வளவு சிறிய மாற்றம் தெரியும். நகரத்தில் வைத்த கருவிக்கு அடுத்த தெருவின் குப்பை நெருப்பே போதும், எல்லாவற்றையும் மறைக்க.

தென்துருவத்தின் எண் வேறு மாதிரி வியப்பைத் தந்தது. கோடையில் அங்குள்ள துகள்கள் பெரும்பாலும் சல்பேட். கடலில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தக வாயுவிலிருந்து பிறப்பவை. குளிர்காலத்தில் துகள்களின் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போகிறது. ஆனால் சிதறல் கூடுகிறது. எண்ணிக்கை குறைய, ஒளி கூடுவதற்குக் காரணம் கடலுப்பு. பனிக்காலப் புயல்கள் கரையோரத்திலிருந்து உள்ளே வந்து, அத்தனை நூறு கிலோமீட்டர் தாண்டியும் பெரிய உப்புத் துகள்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. துகளை எண்ணும் கருவி மட்டும் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி. சிதறல் எவ்வளவு என்று சரியாக அளந்துவிட்டோம். அதனால் பூமி குளிர்கிறதா, சூடாகிறதா? எண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கீழே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். கடல் இருண்டது, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதன் மேல் ஒரு மூட்டம் நின்றால், கடலுக்குள் போயிருக்க வேண்டிய ஒளியை வானுக்குத் திருப்பும். விளைவு குளிர்ச்சி. புதுப்பனி நூற்றுக்கு 80 முதல் 90 பங்கைத் தானே திருப்பிவிடுகிறது. அதன் மேல் நிற்கும் மூட்டம் திருப்புவதற்குப் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அந்த மூட்டத்தில் கொஞ்சம் கரித்துகள் கலந்திருந்தால், கீழே இறங்கும் ஒளியையும் பனியில் பட்டு மேலேறும் ஒளியையும் இரண்டு முறை உறிஞ்சும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கிறது. விளைவு வெப்பம். ஆகவே சிதறலை அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் உறிஞ்சலை அளக்கும் கருவியும் நின்றாக வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் சேர்கிறது. கீழே இருக்கும் தரையே மாறிவருகிறது. ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு 2012 செப்டம்பரில் ஏறத்தாழ 34 லட்சம் சதுர கி.மீ.க்குச் சுருங்கியது, செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியபின் இதுவே மிகக் குறைவு. பனி இருந்த இடத்தில் இருண்ட நீர் வந்தால், அதே எண், அதே துகள், வேறு விளைவைத் தரும். ஐரோப்பா கந்தகத்தைக் குறைத்ததால் ஆர்க்டிக்கின் வெப்பம் ஓரளவு கூடியது என்று 2016இல் வெளியான மாதிரிக் கணக்கு ஒன்று சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் புகையே நல்லது என்று சிலர் கிளம்புகிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கந்தகப் புகை காடுகளையும் ஏரிகளையும் அமில மழையால் கெடுத்தது, மனிதரின் நுரையீரலைக் கெடுத்தது. அதை நிறுத்தியது சரி. அது மறைத்துவைத்திருந்த கார்பன் டை ஆக்சைடின் வெப்பம் வெளிப்பட்டது என்பதுதான் இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய செய்தி.

கந்தகம் குறைந்த இடத்தில் வேறு புகை வருகிறது. 2006 வசந்தத்தில் கிழக்கு ஐரோப்பாவில் உழவர்கள் வயல்களில் வைத்த தீயின் புகை ஸ்வால்பார்டை மூடியது. ஸெப்பலின் நிலையத்தில் அதுவரை காணாத மாசு பதிவானது, வானம் பழுப்பேறியது, பனியின் நிறமும் மாறியது. அறுவடை முடிந்த தாளை எரிப்பதன் புகையை நம் நாட்டின் வடபகுதியிலும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். துருவத்துக்கு நெருங்கிய வடக்குக் காடுகள் எரியும்போதும் அந்தப் புகை மேலே ஏறிப் பனிக்கு வந்துசேர்கிறது. புகை கரியையும் சிதறடிக்கும் துகள்களையும் சேர்த்தே கொண்டுவருகிறது. எது எவ்வளவு என்பதை நிலையத்தில் நிற்கும் கருவிகள்தான் சொல்ல வேண்டும். 2006இலிருந்து 2023 வரை பறந்த கலிப்சோ செயற்கைக்கோள் லேசர் ஒளியால் மூட்டத்தின் உயரத்தை மேலிருந்து காட்டியது. ஆனால் தூய துருவக் காற்றின் மெல்லிய மூட்டம் பலவேளைகளில் அதன் பார்வைக்குத் தப்பிவிடும்.

இந்தியாவுக்கும் இந்தக் காற்றில் கருவி வைக்க இடம் உண்டு. நி-ஓலசுண்டில் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. அண்டார்டிகாவில் மைத்ரியும், 2012இலிருந்து பாரதியும் இருக்கின்றன. இங்கே இருக்கும் இயற்பியல் மாணவர்களுக்கு இதை ஒரு தகவலாக மட்டும் சொல்லவில்லை. ஒளிச்சிதறலில் தேர்ச்சி பெற்று, நீண்ட நாள் ஒரே அளவீட்டோடு உட்காரும் பொறுமையும் உள்ளவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

கடைசியாக, இப்போது பல நிலையங்களில் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முப்பது, நாற்பது ஆண்டு ஓடும் ஒரு தொடரில் கருவி மாறாமல் இருக்காது. ஹாலஜன் விளக்கு வைத்த பழைய கருவியின் இடத்துக்கு எல்.இ.டி. விளக்கு வைத்த புதுக் கருவி வருகிறது. அதன் நிறங்கள் பழையதன் நிறங்களோடு சரியாகப் பொருந்துவதில்லை. பச்சை ஒளி 550 நானோமீட்டரிலிருந்து 525க்கு நகர்கிறது. மறையும் கோணங்களும் கொஞ்சம் வேறுபடுகின்றன. பழையதைக் கழற்றிவிட்டு மறுநாள் புதியதை மாட்டினால், தொடரில் ஒரு படி விழும். அந்தப் படி காற்றில் நேர்ந்ததா, கருவியில் நேர்ந்ததா என்று பின்னால் வருகிற எவராலும் சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் ஒரே குழாயிலிருந்து காற்றை இழுக்கவைத்து, குறைந்தது ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் சேர்ந்து ஓடவிட வேண்டும். மூட்டம் உச்சத்தில் இருக்கும் மார்ச்சிலும், காற்று மிகத் தூயதாக இருக்கும் கோடையிலும் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்தபிறகே பழையதை நிறுத்தலாம். இரண்டு கருவிக்கும் வாயுவும் ஆளும் செலவும் வேண்டும். நிதிக் குழுக்களின் முன் இதைக் கேட்கும்போது, ஒரே காற்றை எதற்கு இரண்டு முறை அளக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கான பதிலைத்தான் இவ்வளவு நேரமும் உங்கள் முன் வைத்தேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.